சுருக்கத்துள் அடங்காத சீறா

ஓர் இலக்கியத்தைக் கற்பது என்பது அதன் கதையை அறிந்துகொள்வது மட்டுமன்று. ஆயினும், தேர்வை முன்னிட்டுப் பயிலும் மாணவர் பலர் மூலநூலைத் திறவாமலேயே பொழிப்புரையையும் வினா விடைத் தொகுப்பையும் மனனம் செய்து நிறைவடைகின்றனர். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கர்நாடக எல்லையை ஒட்டிய இத்தொழிற்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. உருது பேசும் முஸ்லிம் இல்லங்களின் பிள்ளைகளுக்குச் செய்யுள் தமிழ் எட்டாத உயரமாகத் தோன்றுவது இயல்பே. சுருக்கம் அவர்களுக்கு ஊன்றுகோலாகிவிடுகிறது.

அந்த அச்சம் தேவைதானா என்பதை உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கொண்டு ஆராய்வோம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அப்புலவரின் காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என்னும் 3 காண்டங்களும் 92 படலங்களும் உடையது. இம்மூன்று பெயர்களுக்கும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர் அகராதியைத் தேடுவர். உருதுப் பிள்ளைகளோ பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு என உடனே உணர்ந்துகொள்வர். ஆகவே, எட்டாதது எனக் கருதிய நூலின் தலைவாயில் அவர்கட்கு ஏற்கெனவே திறந்தே இருக்கிறது.

நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்துக்கொள்வோம். வேடனின் வலையில் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விழைகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாது திரும்புகிறது. சுருக்கம் இத்துடன் முடிந்துவிடும். பாட்டைப் படிப்பவரோ 'பிணை' என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார். அச்சொல்லுக்கு ஜாமீன் என்பதோடு பெண்மான் என்றும் பொருளுண்டு. காட்டுக்குள் சென்ற விலங்கு மீளும் என நம்பாத வேடனின் ஐயம், மானைத் தடுக்கும் சுற்றத்தின் பாசம், தனக்காகக் கொடுக்கப்பட்ட வாக்கைப் பொய்யாக்க மறுக்கும் தாயின் உறுதி ஆகியவற்றைப் புலவர் படிப்படியாக வளர்த்துச் செல்கிறார். பிறருக்காகத் தன் சொல்லை ஈடாக வைப்பதன் கனம் அந்த வளர்ச்சியில்தான் புலனாகும்.

கற்கும் முறை கடினமானதன்று. முதலில் பாட்டை வாய்விட்டு இருமுறை ஓதுக. அடுத்துச் சந்தியைப் பிரித்து, எழுவாயையும் வினைமுற்றையும் கண்டறிக. யார், யாரிடம், எதற்காகப் பேசுகின்றனர் என்று வினவுக. விளங்காத சொற்களைக் குறித்துவைத்து, தாமே ஒரு பொருளை எழுதிப் பார்த்த பின்னரே உரையை நாடுக. உரையோடு முரண்படும் இடமே கல்வி நிகழும் இடம். இருமொழி மாணவர்கள் இணைந்து பயின்றால் ஒருவர் தடுமாறும் சொல்லை மற்றவர் விளக்குவார்.

எளிய நடையில் மறுபடி சொல்லப்படும் நூல்களை நாம் வெறுக்கவில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' இராமகாதையை உரைநடையில் தந்து, 1958இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அத்தகைய நூல் மூலத்தின்பால் ஆவலைத் தூண்டும். தேர்வுச் சுருக்கமோ மூலம் இனித் தேவையில்லை என்ற மயக்கத்தைத் தருகிறது.

சீறாவின் கதை நம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்ததுதான். அதைத் தமிழ் எவ்வாறு தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதே அவர்கள் அறிய வேண்டியது. அதனை இழப்பவர், இம்மொழியில் தமக்குரிய பங்கையே இழக்கின்றனர்.