கார்ட்டூன் தொடருக்கும் ஓர் உரைநூலா?

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்

நூல் இருக்க உரை எதற்கு என்று நம் முன்னோர் கேட்டதில்லை. பரிமேலழகர் உரை இருக்கவே, நம் வட ஆர்க்காட்டு மண்ணைச் சேர்ந்த மு. வரதராசனார் திருக்குறளுக்குத் தெளிவுரை எழுதினார். 1949இல் வெளிவந்த அச்சிறு நூல் இன்றும் சட்டைப் பைகளில் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கோனார் உரையைத் தேடாதவர் நம்மில் யார்? ஆனால் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் கார்ட்டூன் தொடருக்கும் உரைநூல் உண்டு என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். மேலை நாடுகளில் அத்தகைய துணைநூல்கள் நிறையவே வந்துள்ளன. அவை படிக்கத் தக்கவையா என்பதே நம் கேள்வி.

ஒரு வகையை உடனே ஒதுக்கிவிடலாம். தொடரின் கதையையே சுருக்கி, நான்கு வண்ணப் படங்களை வெட்டி ஒட்டி, பளபளப்பான அட்டை போட்டு விற்பது அது. தொடரைப் பார்த்தவனுக்கு அந்நூல் தேவையில்லை. பாராதவனுக்கு அது போதாது. அதை வாங்கும் காசுக்கு ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாம்.

இனி, சற்று நின்று பார்க்க வேண்டியவை. 1989இல் அமெரிக்காவில் ‘சிம்ப்சன்ஸ்’ என்ற தொடர் தொடங்கியது. ஒரு நடுத்தரக் குடும்பத்தைச் சுற்றிய நகைச்சுவைத் தொடர். தொடக்கக் காட்சியில் அவ்வீட்டுப் பையன் தண்டனையாகக் கரும்பலகையில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவான். அந்த வாக்கியம் பெரும்பாலும் வாரத்துக்கு வாரம் மாறும். கடைப் பலகை, செய்தித்தாள் தலைப்பு என்று ஒரு நொடி தோன்றி மறையும் எழுத்துகளிலும் வேடிக்கை ஒளிந்திருக்கும். 1997இல் வந்த அதன் கையேடு, முதல் எட்டுப் பருவங்களின் இத்தகைய செய்திகளைக் கதை கதையாகத் தொகுத்துத் தந்தது. பழம்பாடலுக்கு அருஞ்சொற்பொருள் தருவது போன்ற வேலைதான் இது. அன்று அதற்குப் பயன் இருந்தது. இன்று கைப்பேசியில் படத்தை நிறுத்தி எவரும் படித்துவிடலாம் ஆதலால், அந்தப் பயனில் பாதி போய்விட்டது என்றே சொல்வேன்.

போகாத பயன் வேறொன்று உண்டு. 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடருக்கு, அதை உருவாக்கிய மைக்கேல் டான்டே டிமார்டினோவும் பிரையன் கொனீட்ஸ்கோவும் 2010இல் ஓர் ஓவிய நூல் வெளியிட்டனர். தொடரின் நாயகன் ஆங் ஒரு சிறுவன். ஆனால் அவன் பிறந்தது, நடுவயதினர் ஒருவரின் வழுக்கைத் தலைப் படத்தைக் கொனீட்ஸ்கோ சிறுவனாக மாற்றி வரைந்தபோதுதான். நீரை ஆள்வோரின் அசைவுகளுக்குத் தாய் சி என்ற சீனக் கலையும், மண்ணை ஆள்வோருக்கு ஹங் கா என்ற கலையும் அடிப்படை. திரையில் தெரியும் சீன எழுத்துகளை ஒரு கையெழுத்துக் கலைஞரே எழுதித் தந்தார். படம் ஓடும்போது இவை கண்ணில் படா. ஒரு வேலை எப்படி நடந்தது, எது கைவிடப்பட்டது என்று காட்டும் துணைநூல் நம்மைப் பார்வையாளன் நிலையிலிருந்து பட்டறைக்குள் அழைத்துப் போகிறது.

பட்டறை என்றதும் நம்மூர் நினைவு வராமல் போகாது. ‘அவதார்’ அமெரிக்கத் தொடர் என்றுதான் பெயர்; அதன் அசையும் காட்சிகளை வரைந்தவை தென்கொரிய ஓவியக் கூடங்கள். ‘சிம்ப்சன்ஸ்’ படங்களில் பெரும்பகுதியும் சியோலில் உயிர் பெற்றவையே. இதை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டுமா? தோலை வெட்டி, ஓரம் சீவி, அப்பர் தைத்துக் கொடுப்பது நம் அக்காமார். ஐரோப்பியக் கடையில் அந்த ஷூவின் மேல் இருப்பது வேறொரு பெயர். ஆகவே துணைநூல் எதைக் கையில் எடுத்தாலும், கோடு போட்டவர் பெயர் அதில் உண்டா என்றுதான் நான் முதலில் தேடுவேன். இல்லையென்றால், அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை அரைகுறை நூல் என்பேன்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போலவே வேதியியல் பயின்ற ராம் மோகன், 1956இல் மத்திய அரசின் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் வரையச் சேர்ந்தார். 1990களில் யுனிசெஃப் நிறுவனத்துக்காக அவர் உருவம் கொடுத்த சிறுமிதான் மீனா. பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, தன் கிளி மித்துவைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்த கணக்கைத் தானும் கற்றுக்கொண்டு, வீட்டுக் கோழிகளை எண்ணித் திருட்டைக் கண்டுபிடிக்கிறாள். இப்படங்களோடு சித்திரக் கதைப் புத்தகமும், படம் முடிந்தபின் ஊராரைப் பேசவைப்பதற்கான வழிகாட்டிக் கையேடும் சேர்ந்தே சென்றன. ஏன் மீனாவை அனுப்பவில்லை, தம்பியை மட்டும் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டுவிட்டால், படம் பத்து நிமிடத்தில் முடிந்தாலும் பேச்சு முடியாது. பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறும் தங்கைகள் உள்ள நம் தெருக்களில் அக்கேள்விகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. துணைநூல்களிலேயே மிகப் பெரிய காரியம் செய்தது எது என்று கேட்டால், வண்ணமும் வழவழப்பும் இல்லாத இதைத்தான் காட்டுவேன்.

2007இல் சுட்டி டிவி வந்தபின், ‘டோராவின் பயணங்கள்’ பார்த்து வளர்ந்தவர்கள் நம் வகுப்பறைகளில் நிறையப் பேர். டோராவும் அவள் குரங்கும் நம் தமிழிலேயே பேசினார்கள். அந்தக் குரலுக்கு உரியவர் யார், வாயசைவுக்குப் பொருந்தும்படி வசனத்தைத் தமிழாக்கியவர் யார் என்று ரசித்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களைத் தேடிக் கண்டு, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு, ஒருவர் தமிழில் துணைநூல் எழுதட்டும். விலை இருநூறு ரூபாய் ஆனாலும் முதல் படியை நான் வாங்கிக்கொள்கிறேன்.