என்ன வேலை பார்த்தீர்கள்?



வீட்டில் என் மனைவி "சாவி எங்கே?" என்று கேட்டால் என் காதில் "ஆவி எங்கே?" என்று விழும். "இட்லிப் பானையில் பார்" என்று நான் பதில் சொல்ல, பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். அறுபதைத் தாண்டினால் காது மந்தமாவது சகஜந்தானே என்று நானும் இருந்துவிட்டேன். முதலில் பார்த்த டாக்டர், காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார். பத்து நாள் விட்டுக்கொண்டேன். ஆவி ஆவியாகவே இருந்தது.

பிறகுதான் நம் மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குப் போனேன். 1965ல் தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனத்தைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். உள்ளூரில் இருக்கும் நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. சத்தம் புகாத அறையில் உட்கார வைத்துச் சோதனை செய்த பெண், வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?"

ரயில்வே என்றேன். ஆரம்பத்தில் ஏழெட்டு வருஷம் பாய்லர் ஷாப்பில் சார்ஜ்மேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. வயதினால் மட்டும் வருவதல்ல இது, சத்தத்தினால் வந்தது, போனது திரும்பாது, கருவி வைத்துச் சமாளிக்கலாம் என்று விளக்கினார். 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகளே முதலில் போகுமாம். சாவி ஆவியான மர்மம் அன்றுதான் விளங்கியது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு முந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தொழில்சார் மருத்துவம் என்ற துறைக்கு அதுவே பிள்ளையார் சுழி. நோயின் மூலத்தை ஆராயச் சொன்ன வள்ளுவர் வழியும் இதுதானே! 1886ல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடச் செவித்திறன் சரியாக இல்லை. நான் வேலைக்குச் சேர்வதற்குச் சுமார் நூறு வருஷம் முன்பே தெரிந்த விஷயம் இது. எனக்குத்தான் தெரியவில்லை.

தெரியாததால் ஒரு பாவமும் செய்தேன். மைசூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன், 1980களில் வேறோர் ஊர் ஒர்க்ஷாப்பில் இருந்தேன். ரிவெட் அடிப்பதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் என் பிரிவில் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'டமாரம்'. ஒரு நாள் தலைக்கு மேல் கிரேன் பாரம் தூக்கி வருகிறது, மணி அடிக்கிறது, அவர் நகரவில்லை. நூலிழையில் தப்பினார். 'கவனக்குறைவு' என்று நான் ரிப்போர்ட் எழுதினேன். "சத்தியமா மணி கேக்கலே சார்" என்று வந்து நின்றார். "காது இருந்தா கேக்கும்" என்றேன். என் ரிப்போர்ட்டின் பேரில் அவருக்கு ஒரு இன்கிரிமெண்ட் நின்றது. அவர் இன்று இல்லை. அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் மாநிலத்திலேயே, நம்மவர்கள் கதையாகவே இதைவிடப் பெரிய உதாரணம் கோலார் தங்க வயல். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசு நுரையீரலின் நுண்ணறைகளில் தங்கித் தழும்பாகும். மூச்சு மெல்ல மெல்லக் குறையும். இதுவே சிலிகோஸிஸ். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. காச நோயும் எளிதில் தொற்றும். மைசூர் சமஸ்தான அரசு 1940லேயே இதற்கென விதிகள் செய்து, சிலிகோஸிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. ஆனால் தூசு நுழைந்த நெஞ்சுகளுக்கு மூடுவிழா ஏது?

சுதந்திரத்துக்குப் பின் 1948ல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. 1966ல் ஆமதாபாத்தில் தொடங்கிய ஆராய்ச்சிக் கழகமே இன்று தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம். அதன் தென்மண்டல மையம் பெங்களூரில் உள்ளது. 1984ல் போபாலில் நச்சு வாயு கசிந்தபோது ஆலையின் ஆபத்து வாசலோடு நிற்பதில்லை என்று நாடு கண்டுகொண்டது. சுற்றுச்சூழல் மருத்துவமும் தொழில் மருத்துவமும் ஒரே வீட்டின் இரு அறைகள் என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. 1987ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. குறிப்பிட்ட வயது அல்லது வகையைச் சேர்ந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறை முதலாளி இலவச உடற்பரிசோதனை செய்விக்க வேண்டும் என்கிறது அது.

ஆனால் இந்தியாவில் பெரும்பாலானோருக்கு வேலை செய்யுமிடமே பதிவேட்டில் இருக்காது. நம் ஊரிலேயே பாருங்கள். வீட்டுத் திண்ணையில் ஊதுபத்தி உருட்டும் பெண்கள் மாவுத்தூளைச் சுவாசிக்கிறார்கள். கூடு வேகவைத்துப் பட்டு நூல் எடுப்பவர்களுக்கு அதன் புரதமே ஒவ்வாமையாகி மூச்சிரைப்பு வருவதுண்டு. அடுத்து வரும் கவலை வெயில். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 800 கர்ப்பிணிப் பெண்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் ஆராய்ந்து 2024ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரு மடங்கு. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இங்கே கட்டட வேலைக்கு வருகிற நம் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

டிப்ளமா படித்த என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான். இந்த நோய்களுக்கு முதல் மருத்துவர் பொறியாளரே. பாய்லர் ஷாப் காதுகளைக் காப்பாற்றியது மாத்திரையல்ல. ரிவெட் போய் வெல்டிங் வந்ததும், நீராவி இஞ்சின் ஓய்ந்ததுமே. பாறையை உலர்வாகத் துளைக்காமல் தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்கும். சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறை. முடியாவிட்டால் மூடி வை. அதுவும் முடியாவிட்டால்தான் காதடைப்பான். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. இந்த ஒரு கணக்குப் போதும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவரை அழைத்துப்போனால், அவர் இருபது வயதில் பார்த்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் சங்கமும் வருஷத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனை முகாம் நடத்தலாம். நாற்காலி போட்டுப் பெயர் எழுத நான் தயார். வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பேன். அன்று அந்தப் பெரியவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.