குட்டியை எங்கே பழக்குவது?

"நாலு நாயோட பழகட்டும்னு தெருவுல விட்டோம், ரத்தமாக் கழிஞ்சு செத்துப்போச்சு" என்று குழுக் கூட்டங்களில் சகோதரிகள் சொல்லக் கேட்கிறோம். பெரும்பாலும் இது பார்வோ வைரஸ் நோய். நோய்கண்ட நாயின் மலம் பட்ட மண்ணில் கிருமி மாதக்கணக்கில் இருக்கும். நகரத்து நாய்ப் பூங்காவானாலும் நம்ம ஊர் குப்பைமேடானாலும் ஆபத்து ஒன்றுதான்.

அதுக்காகக் கட்டியே போட்டால், வளர்ந்தபின் ஆளைக் கண்டாலே சீறும். சுமார் 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி பயமில்லாமல் பழகும் வயது. தடுப்பூசியோ 6 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை போகும். ஆகவே காத்திருக்காமல், கையில் தூக்கிப்போய் பஸ், மாடு, பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுங்கள். ஊசி போட்ட பக்கத்து வீட்டு நாயோடு வாசலில் விளையாடட்டும்; வாலை இடுக்கினால் பிரிச்சிடுங்க. 3 மாதத்தில் வெறிநோய் ஊசி கட்டாயம். யாரையாவது கடிச்சிட்டா சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வேண்டவே வேண்டாம்.