நம்ம ஊர் கௌபாய் 'கங்கா'வைப் பார்த்திருக்கீங்களா?

கௌபாய் என்றதும் கிளின்ட் ஈஸ்ட்வுட்தான் ஞாபகம் வருகிறாரா? நம்ம ஜெய்சங்கரும் தொப்பி, துப்பாக்கியோடு குதிரை ஏறியவர்தான்!

அவரை ஏற்றிவிட்டவர் கர்ணன். 'கற்பகம்' (1963) போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர், இயக்குநரானதும் 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று கௌபாய் பாணிக்குத் தாவினார். பெரிய பட்ஜெட் கிடையாது. குதிரை, பொட்டல்காடு, கர்ணனின் கேமரா... இவைதான் பலம்.

'கங்கா' பழிவாங்கும் கதை. போலீஸும் கோர்ட்டும் எட்டாத இடத்தில் நியாயம் கேட்பது யார்? இந்தக் கேள்வி நமக்குப் புதிதா என்ன! குதிரையும் அரிவாளுமாக நிற்கும் கருப்பசாமியிடம் காலங்காலமாக நாம் முறையிடுவதும் இதைத்தானே?

அதே 1972-ல்தான் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984-ல் லயன் காமிக்ஸும் வந்தது. பட்டாசும் காலண்டரும் தயாராகும் ஊரிலிருந்து, இத்தாலிய கௌபாய் டெக்ஸ் வில்லர் தமிழ் பேசினார். டெக்ஸ் சட்டத்தைக் காக்கும் ரேஞ்சர். செவ்விந்தியர்களுக்கு அநியாயம் நடந்தால் அதிகாரிகளையே எதிர்த்து நிற்பவர்.

'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) படத்தில் ஓர் ஊருக்கே ஜெய்சங்கர் பெயரை வைத்தார் சிம்புதேவன். கர்ணனுக்கு நாம் என்ன செய்யலாம்? ஒரு ஞாயிறு மதியம் 'கங்கா' பார்க்கலாம். ஹீரோவோடு சேர்த்து கேமராவையும் கவனியுங்கள். அங்கேதான் கர்ணன் இருக்கிறார்!