மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஆன விமானி மீண்டும் பறக்க முடியுமா? விதிகள் சொல்வது என்ன?

அடையாறில் வசிக்கும் 46 வயது கேப்டன். இருபது வருஷமாக விமானம் ஓட்டுகிறார். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. வழக்கமான மெடிக்கலுக்குப் போகிறார். டிரெட்மில் டெஸ்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வருகிறது. அடுத்த நாள் அவர் பெயர் டூட்டி ரோஸ்டரில் இல்லை.

தி.நகரில் 53 வயது விமானி. பத்து வருஷமாக சர்க்கரைக்கு மாத்திரை. இப்போது மாத்திரைக்கு சர்க்கரை கட்டுப்படவில்லை. "இன்சுலின் போட்டாகணும்" என்கிறார் டாக்டர்.

மயிலாப்பூரில் 19 வயது மாணவர். ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதத்தில் நல்ல மார்க். பைலட் பயிற்சிக்கு அப்பா வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். மெடிக்கலில் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்கிறார்கள். பையனுக்குத் தெரியவில்லை.

இவை மூன்றும் புரிவதற்காகச் சொல்லும் உதாரணங்கள்தான். ஆனால் மூன்று வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: அவ்வளவுதானா, பறக்கிறது முடிஞ்சுதா?

பெரும்பாலான நேரங்களில் இல்லை என்பதே பதில். எப்படி என்று பார்க்கலாம்.

மெடிக்கலில் எத்தனை வகை?

இந்தியாவில் விமானிகளின் உடல்தகுதியை முடிவு செய்வது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. இதில் மூன்று வகுப்புகள் உண்டு.

• கிளாஸ் 1: சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் கமர்ஷியல் பைலட், ஏர்லைன் பைலட்
• கிளாஸ் 2: பயிற்சி மாணவர், சொந்தத்துக்கு ஓட்டும் பிரைவேட் பைலட்
• கிளாஸ் 3: ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்

லைசென்ஸ் கையில் இருந்தாலும், நடப்பில் உள்ள மெடிக்கல் இல்லையென்றால் காக்பிட்டில் உட்கார முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்த அடிப்படை விதிப்படி, கிளாஸ் 1 மெடிக்கல் பொதுவாக 12 மாதம்தான் செல்லும். 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதம்.

என்னென்ன பார்ப்பார்கள்?

கண், காது, இதயம், நுரையீரல், நரம்பு, ரத்தம், சிறுநீர், மனநலம் எல்லாமே உண்டு. ஐசிஏஓ அளவுகோலில் சில:

• தூரப்பார்வை: கண்ணாடி போட்டாவது ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்த்து 6/6
• கேட்கும் திறன்: 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது
• இசிஜி: முதல் மெடிக்கலில் கட்டாயம், 50 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது

கண்ணாடி போடுவது தகுதிக்குறைவு இல்லை. கண்ணாடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும், கூடுதலாக ஒரு ஜோடி கையில் இருக்க வேண்டும், அவ்வளவே. "கண்ணாடி போட்டா பைலட் ஆக முடியாது" என்ற பழைய நம்பிக்கை தவறு.

'அன்ஃபிட்' என்றால் ஒரே அர்த்தமா?

இல்லை. முடிவு நான்கு விதமாக வரலாம்.

1. ஃபிட்: எந்த நிபந்தனையும் இல்லை.

2. நிபந்தனையோடு ஃபிட்: கண்ணாடியோடு மட்டும், அல்லது அனுபவமுள்ள இன்னொரு விமானி பக்கத்தில் இருந்தால் மட்டும் ஓட்டலாம்.

3. தற்காலிக அன்ஃபிட்: குறிப்பிட்ட காலம் பறக்கக் கூடாது. சிகிச்சை எடுத்து, மறுபடி பரிசோதனைக்கு வர வேண்டும்.

4. நிரந்தர அன்ஃபிட்: இதற்கும் மேல்முறையீடு உண்டு.

ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், ரத்தசோகை, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்றவை பெரும்பாலும் மூன்றாவது வகையில் வரும். சிறுநீரகக் கல்லைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சென்னை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அது பழகிய தொல்லைதான். ஆனால் 35,000 அடி உயரத்தில் திடீரென்று அந்த வலி வந்தால், விமானி அந்த நொடியே வேலை செய்ய முடியாதவர் ஆகிவிடுவார். அதனால் கல் இல்லை என்று ஸ்கேனில் உறுதியாக வேண்டும்.

யார் முடிவு செய்கிறார்கள்? எங்கே போக வேண்டும்?

பரிசோதிக்கும் டாக்டர் தருவது பரிந்துரை. இறுதி முடிவு டெல்லியில் உள்ள டிஜிசிஏவின் மருத்துவப் பிரிவுடையது. வழக்கமான புதுப்பிப்பை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவப் பரிசோதகர்களிடமே முடித்துக்கொள்ளலாம். விண்ணப்பமும் பதிவுகளும் இ-ஜிசிஏ இணையதளம் வழியாகப் போகின்றன.

சிக்கலான கேஸ்கள், மறுபரிசோதனை, மேல்முறையீடு ஆகியவற்றுக்கு இந்திய விமானப்படையின் மையங்களே முக்கியம். பெங்களூரு, டெல்லி, அசாமின் ஜோர்ஹாட் ஆகிய இடங்களில் இவை உள்ளன. சென்னைக்காரர்களுக்குப் பக்கம் பெங்களூருதான். பழைய விமான நிலையச் சாலையில் விமானபுராவில் இருக்கும் வான்வெளி மருத்துவ நிறுவனம் 1957-ல் தொடங்கப்பட்டது. ககன்யான் விண்வெளி வீரர்கள் தேர்விலும் பங்கு வகித்த நிறுவனம் இது.

அதாவது மயிலாப்பூரிலோ அடையாறிலோ எத்தனை பெரிய ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தாலும் அவர் தருவது ஆதாரம் மட்டுமே. "இனி நீங்க நார்மல்" என்று அவர் சொன்னாலும் அது பறக்க அனுமதி ஆகாது. நோயாளி நலமா என்று அவர் பார்க்கிறார். அடுத்த ஓராண்டில் இந்த மனிதர் காக்பிட்டில் திடீரென்று செயலிழக்க எவ்வளவு வாய்ப்பு என்று மருத்துவ போர்டு பார்க்கிறது. இரண்டும் வேறு கேள்விகள்.

இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்தில் அந்த ஆபத்து ஆண்டுக்கு சுமார் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பது உலக அளவில் பேசப்படும் ஒரு கணக்கு. 'ஒரு சதவீத விதி' என்று இதைச் சொல்வார்கள். பக்கத்தில் இன்னொரு விமானி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

அடையாறு கேப்டனுக்கு என்ன ஆகும்?

டிரெட்மில் 'பாசிட்டிவ்' என்றாலே மாரடைப்பு வரப்போகிறது என்று அர்த்தமில்லை. அறிகுறியே இல்லாதவர்களுக்கு அந்த டெஸ்ட் தவறாகக் காட்டுவதும் உண்டு. எனவே அடுத்தகட்டமாக எக்கோ, ஸ்ட்ரெஸ் ஸ்கேன், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் கேட்பார்கள். ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தால் அவர் திரும்பி வருவதற்கு நல்ல வாய்ப்பு.

அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்தால்? உடனே முடியாது. பல நாட்டு நடைமுறையில் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன், உழைக்கும்போது ரத்த ஓட்டம், கொழுப்பு அளவு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் பார்த்து, நிபந்தனையோடு அனுமதிக்கலாம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில், விமானம் ஓட்டக் கிளம்பிய கேப்டன் ஒருவர் போர்டிங் கேட் அருகே சரிந்து விழுந்து உயிரிழந்தார். வயது 40தான்.

தி.நகர் விமானிக்கு?

சாப்பாடு, நடைப்பயிற்சி, குறிப்பிட்ட சில மாத்திரைகளில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் பறக்க வழி உண்டு. இன்சுலின் போட ஆரம்பித்தால் கதை மாறுகிறது. ஐசிஏஓவின் அடிப்படை விதி அவரைத் தகுதியற்றவர் என்றே சொல்கிறது. காரணம் உயர் சர்க்கரை அல்ல, திடீர் தாழ் சர்க்கரை. சர்க்கரை சட்டென்று இறங்கினால் சில நிமிடங்களில் நினைவு தடுமாறும்.

ஆனால் இதிலும் உலகம் நகர்கிறது. பிரிட்டன் 2012-ல் கடும் கண்காணிப்போடு இன்சுலின் போடும் விமானிகளைத் திரும்ப அனுமதித்தது. அமெரிக்கா 2019-ல் அந்தப் பாதைக்கு வந்தது. பறக்கும்போதே சர்க்கரையை அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

மயிலாப்பூர் மாணவருக்கு?

நிறக்குருடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. மருந்தால் மாறாது. நிறமேற்றிய லென்ஸ் போட்டுத் தேர்வெழுதவும் முடியாது. ஆனால் புள்ளிப் படத்தில் தவறினால் கதவு உடனே மூடிவிடாது. விமானப் பயணத்தில் பயன்படும் சிக்னல் நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா என்று வேறு கருவியில் சோதிக்க ஐசிஏஓ விதி இடம் தருகிறது. லேசான குறைபாடு உள்ளவர்கள் அதில் தேறலாம். கடுமையானது என்றால் கஷ்டம்தான்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. பைலட் பயிற்சிக்குப் பல லட்சம் ஆகும். பணம் கட்டும் முன்பே கிளாஸ் 2, அடுத்து கிளாஸ் 1 மெடிக்கலை முடித்துவிடுங்கள். "முதல்ல சேர்ந்துடலாம், மெடிக்கல் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நிரந்தர அன்ஃபிட் என்றால்?

மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. முடிவு கையில் கிடைத்ததும் கடிதத்தை முழுசாகப் படித்து, எந்தக் காரணத்துக்காக அன்ஃபிட் என்று குறித்துக்கொள்வது முதல் வேலை. அந்தக் காரணத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஸ்பெஷலிஸ்ட் அறிக்கை வேண்டும். 'பொதுவாக நலமாக உள்ளார்' என்ற ஒரு வரிச் சான்றிதழ் உதவாது.

விதியே மாறிய கதையும் உண்டு. கேரளாவைச் சேர்ந்த திருநம்பி ஆடம் ஹாரி, தென்னாப்பிரிக்காவில் பிரைவேட் பைலட் பயிற்சி பெற்றவர். இந்தியாவில் அவருக்கு மெடிக்கலில் தடை வந்தது. ஹார்மோன் சிகிச்சை காரணமாகச் சொல்லப்பட்டது. விவகாரம் பொதுவெளியில் பேசப்பட்ட பின், 2022 ஆகஸ்டில் திருநர் விண்ணப்பதாரர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலை டிஜிசிஏ வெளியிட்டது. ஹார்மோன் சிகிச்சை மட்டுமே தகுதியிழப்புக்குக் காரணமாகாது என்பது அதில் தெளிவானது.

மறைத்துவிட்டால் என்ன?

பலருக்கு வரும் சபலம் இதுதான். மாத்திரை எடுப்பதைச் சொல்லாமல் விடுவது, தெரிந்த கிளினிக்கில் பில் இல்லாமல் பார்ப்பது. உடல்நிலை சரியில்லை என்று தெரிந்தும் பறப்பது விதிமீறல். பிறகு தெரியவந்தால், நோயால் போகாத லைசென்ஸ் மறைத்ததால் போகும்.

2015 மார்ச் 24 அன்று பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மோதவைத்தார். 150 பேர் இறந்தனர். தன் மனநலப் பிரச்சனையை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். பிரான்ஸ் விசாரணை அமைப்பு அவரை மட்டும் பேசவில்லை. லைசென்ஸ் போனால் வருமானமும் போகும் என்ற பயம் விமானிகளை மறைக்கத் தூண்டுகிறது என்பதையும் சுட்டிக்காட்டியது.

அதன் பிறகு பல நாடுகளில் சக விமானிகளிடம் ரகசியமாக மனம்விட்டுப் பேசும் ஆதரவுத் திட்டங்கள் வந்தன. இந்தியாவில் 2023-ல் டிஜிசிஏ வெளியிட்ட மனநலச் சுற்றறிக்கையும் இதை வலியுறுத்தியது. அமெரிக்கா 2010 முதல் குறிப்பிட்ட சில மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்களையும் கண்காணிப்போடு பறக்க அனுமதிக்கிறது.

பறக்காத மாதங்களில் வருமானம்?

விமானியின் சம்பளத்தில் பறக்கும் மணிக்கணக்குக்கு ஏற்ப வருவது பெரிய பங்கு. தரையில் உட்கார்ந்தால் அது நின்றுவிடும். வீட்டுக் கடன் தவணை நிற்காது. இதற்காகவே 'லாஸ் ஆஃப் லைசென்ஸ்' காப்பீடு இருக்கிறது. தற்காலிக அன்ஃபிட்டுக்கும் பணம் வருமா, எத்தனை நாள் கழித்து வரும், ஏற்கெனவே இருந்த நோய்க்கு உண்டா என்ற மூன்றையும் பாலிசி எடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

ஃபிட் சான்றிதழ் வந்த மறுநாளே பறக்கவும் முடியாது. கடந்த 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்பது சர்வதேச அளவிலான குறைந்தபட்ச நடைமுறை. விட்டுப்போனவர்கள் சிமுலேட்டரில் பயிற்சி எடுத்து, சோதனையில் தேறிய பிறகே பயணிகளோடு பறக்க முடியும்.

திரும்பி வந்தவர்கள் உண்டா?

உண்டு. 1961-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட். 1963-ல் காதின் உட்பகுதி நோயால் தலைசுற்றல் வந்து தரையிறக்கப்பட்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் 1969-ல் தகுதி திரும்பக் கிடைத்தது. 1971-ல் அப்பல்லோ 14-ல் நிலவில் கால் வைத்தார். அவருடைய சகா டீக் ஸ்லேட்டன் இதயத் துடிப்புக் கோளாறால் 1962-ல் நிறுத்தப்பட்டார். பத்து வருடம் காத்திருந்து 1972-ல் அனுமதி பெற்றார். 1975-ல், 51 வயதில் விண்வெளி சென்றார்.

சுருக்கமாக...

• தற்காலிக அன்ஃபிட் என்பது இடைவேளை. கெடு தேதியையும் கேட்கும் டெஸ்ட்களையும் தவறவிடாதீர்கள்.
• பழைய ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள்.
• எந்த மருந்தையும் ஆரம்பிக்கும் முன், 'நான் விமானி' என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.
• அன்ஃபிட் கடிதத்தில் உள்ள காரணத்துக்கு மட்டும் பதில் தேடுங்கள்.
• மறைக்காதீர்கள். நோய்க்கு மறுபரிசோதனை உண்டு, பொய்க்கு இல்லை.