எஸ்.ஏ.டி., எல்சாட் மதிப்பெண்ணை எப்படி வாசிப்பது?

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான பள்ளிப் பொதுத்தேர்வு கிடையாது. பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு பள்ளியில் தாராளமாகக் கிடைக்கும் ‘ஏ’ கிரேடு இன்னொரு பள்ளியில் எட்டாக்கனி. இப்படி வந்து சேரும் விண்ணப்பங்களை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும். கல்லூரிகளுக்கு எஸ்.ஏ.டி.யும் ஏ.சி.டி.யும், சட்டக் கல்லூரிகளுக்கு எல்சாட்டும் அந்த வேலையைச் செய்கின்றன.

எஸ்.ஏ.டி. முதலில் நடந்தது 1926 ஜூனில். அதை வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரின்போது ராணுவத்தினருக்கு வைத்த அறிவுத்திறன் சோதனைதான் முன்மாதிரி. அந்தச் சோதனையைக் காட்டி, வட ஐரோப்பிய இனத்தவரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று 1923இல் நூல் எழுதியவர் அவர். 1930இல் அந்த முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே கைவிட்டார். பின்னர் ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே இருந்த திறமைசாலிகளுக்கு உதவித்தொகை கொடுக்க இதே தேர்வைப் பயன்படுத்தினார். ஒதுக்கவும் சேர்க்கவும் ஒரே கருவி உதவியது என்பதை மறந்துவிட்டு இந்தத் தேர்வுகளைப் பற்றிப் பேச முடியாது.

1948இல் தொடங்கிய எல்சாட்டில் சட்டம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்றே அது பார்க்கிறது. ‘ஹெல்மெட் கட்டாயமான பின் தலைக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருவோர் கூடினர், ஆகவே ஹெல்மெட்டால் பயனில்லை’ என்று ஒருவர் வாதிடுவதாகக் கொள்வோம். முன்பு விபத்து நடந்த இடத்திலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது காயத்தோடு பிழைத்து வருகிறார்கள் என்றால் வாதம் சரிந்துவிடும். கேள்விகளின் போக்கு இதுதான். பொருத்தி அடுக்கும் தர்க்கப் புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. படம் போட்டுப் பார்க்க முடியாத பார்வையற்றவர்களுக்கு அது அநீதி என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவு அது. வந்திருக்க வேண்டிய மாற்றம்.

பலரும் தடுமாறுவது மதிப்பெண்ணில்தான். எல்சாட்டுக்கு 120 முதல் 180 வரை, எஸ்.ஏ.டி.க்கு 400 முதல் 1600 வரை. பிளஸ் டூ கணக்கில் 1600க்கு 800 வாங்கினால் பாதி என்று நினைத்துவிடக் கூடாது, அடிமட்டமே 400. சரியான விடைகளின் எண்ணிக்கை அப்படியே மதிப்பெண் ஆவதும் இல்லை. எல்சாட்டில் ஒரு மாத வினாத்தாள் கடினமாக அமைந்தால், குறைவான சரியான விடைகளுக்கே அதே மதிப்பெண் கிடைக்கும்படி சமன் செய்வார்கள். மதிப்பெண்ணில் சேராத ஒரு பகுதியும் அதில் உண்டு. புதிய கேள்விகளை அதில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது சதமான இடம். எல்சாட்டில் 170 பெற்றவர், எழுதியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரைத் தாண்டியவர். அளவீட்டுப் பிழைக்காக இரு பக்கமும் 3 மதிப்பெண் இடம்விட்டே மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். 163க்கும் 165க்கும் இடையில் திறமை வேறுபாடு தேடுவது வீண்.

எஸ்.ஏ.டி. இப்போது முழுக்கக் கணினி வழித் தேர்வு. 2 மணி 14 நிமிடம். முதல் பகுதியில் எப்படி எழுதுகிறார் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்க இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதுவதும் இதையே.

குடும்ப வருமானம் உயர உயர சராசரி மதிப்பெண்ணும் உயர்கிறது. நல்ல பள்ளி, தனிப்பயிற்சி, திரும்பத் திரும்ப எழுதும் வசதி எல்லாம் அதில் சேரும். கொரோனா காலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் மதிப்பெண் அனுப்புவதை விருப்பத்துக்கு விட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கையில் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. எம்.ஐ.டி. 2022இலும், டார்ட்மவுத், ஹார்வர்டு ஆகியவை 2024இலும் மீண்டும் கட்டாயமாக்கின. டார்ட்மவுத் நடத்திய ஆய்வு கவனிக்கத்தக்கது: ஏழைக் குடும்பத்து மாணவர்கள் பலர், தங்கள் மதிப்பெண் போதாது என்று எண்ணி அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அவர்கள் படித்த பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டிருந்தால், அதே மதிப்பெண் சேர்க்கைக்குக் கைகொடுத்திருக்கும்.