நாற்பது பேரின் வைத்தியன்

“இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் ஓதிக் கொடுக்கிறவர்கள். உங்கள் பேச்சையாவது கேட்பான். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

மதரஸாவில் பணிபுரியும் என்னிடம் தாய்மார்கள் அடிக்கடி வைக்கும் விண்ணப்பம் இது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏக்கத்தின் காரணமும் விளங்கும். இங்கே வீட்டுக் கடிகாரத்தை ஆள்வது தொழிற்சாலையின் ஷிப்டு. ஜூஜூவாடி எல்லையிலிருந்து சிப்காட் வரையில், பொழுது விடியுமுன்பே கம்பெனிப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூரில், தந்தை ஒரு ஷிப்டு, மகன் ஒரு ஷிப்டு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மிச்சமிருக்கும் சில மணி நேரத்தையும் விளையாட்டு விழுங்கிவிட்டால் பெற்றவள் மனம் என்ன பாடுபடும்?

மற்றவர் வீட்டுக் கதையாக இருந்தவரையில் நானும் இரண்டு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு என் கடமை முடிந்தது என்றிருந்தேன். சென்ற ஆண்டு அது என் தங்கையின் வீட்டிற்கே வந்து சேர்ந்தது.

அந்த விடியற்காலை

மச்சான் சவூதியில் இருக்கிறார். தங்கை மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஓராண்டில் நிறுத்திவிட்டு, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்வருகிறான். சர்க்கரை நோயாளியான என் தாயாரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். காலையிலும் இரவிலும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள்.

தங்கை ஒரு திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்த இரவில், நன்னிமாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனிடம் இருந்தது. அம்மா ஊசி போட்டுக்கொண்டார்கள். பசியில்லை என்று சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கவனிக்க ஆளில்லை. பொழுது விடியும் நேரத்தில் சர்க்கரையின் அளவு தாழ்ந்து, உடல் வியர்த்து, கை நடுங்கிப் பேரனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனோ அப்போதுதான் படுத்தவன். காதில் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் உறங்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மையார், நினைவு தப்புவதற்குள் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார். அல்லாஹ்வின் அருளால் ஆபத்து நீங்கியது.

செய்தி கேட்டுக் கோபத்தோடு புறப்பட்டுச் சென்றேன். என்னென்ன சொல்லிக் கண்டிப்பது என்பதையெல்லாம் பேருந்திலேயே அடுக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அவனைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்விதான்.

“அப்படி என்னதான் விளையாடுகிறாய்?”

தலை குனிந்தபடியே சொன்னான்: “நான் ஹீலர், மாமு. அடிபட்டவர்களைக் குணப்படுத்துவதுதான் என் வேலை.”

நான் திகைத்துப் போனேன். உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லும்படி கேட்டேன்.

ஐம்பத்தொரு புள்ளிகள்

விளையாட்டின் பெயர் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. அதன் பழைய வடிவத்தையே 2019இல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். பல நாட்டவரும் இணையம் வழியாக ஒரே கற்பனை உலகில் நடமாடுகிறார்கள். பெரிய எதிரியை வீழ்த்த நாற்பது பேர் ஒன்றுசேர்கிறார்கள். அடிகளைத் தன்மேல் வாங்கிக்கொள்பவன் ‘டேங்க்’. தாக்குவோர் சிலர். இவர்கள் எல்லாருடைய உயிரையும் காப்பவன் ‘ஹீலர்’. கதை முழுவதும் மந்திரமும் மாயமும் நிறைந்திருக்கிறது. அது நம் வீடுகளுக்கு ஒவ்வாத கற்பனை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதனுள்ளே இருந்த ஒரு கணக்கு என்னைச் சிந்திக்க வைத்தது.

அவன் ஏற்றிருந்தது ‘ப்ரீஸ்ட்’ என்னும் பாத்திரம். அந்தப் பழைய வடிவத்தில் பத்தாம் படியிலிருந்து அறுபதாம் படிவரை, ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். மொத்தம் 51 புள்ளிகள். அவற்றைச் செலவிட மூன்று ‘திறன் மரங்கள்’ இருக்கின்றன. ‘டிசிப்ளின்’ என்ற மரம், அடி விழுமுன் கவசமிட்டுக் காப்பதையும் சக்தியைச் சிக்கனமாக வைத்திருப்பதையும் வளர்க்கிறது. ‘ஹோலி’ என்ற மரம், பட்ட காயத்தை ஆற்றும் ஆற்றலைப் பெருக்குகிறது. மூன்றாவதான ‘ஷேடோ’ தாக்குதலுக்கு உரியது.

ஒரு மரத்தின் கடைசித் திறனை எட்ட வேண்டுமானால் அதிலேயே 31 புள்ளிகள் இட வேண்டும். இரண்டு மரங்களையும் அடிவரை எட்ட 62 வேண்டும். கையில் இருப்பதோ 51. எல்லாவற்றையும் அடைய ஒருவராலும் முடியாது!

“அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பாய்?” என்று கேட்டேன்.

அவன் முகம் முதன்முறையாக மலர்ந்தது. ஹோலி மரத்தின் கடைசித் திறன் ‘லைட்வெல்’ என்ற ஒளிக்கிணறு. காயம்பட்டவன் தானே அதனிடம் வந்து தொட்டால்தான் குணமாகும். சண்டையின் நடுவே யாருக்கு அந்த நினைவு வரும்? ஆகவே பலர் அந்தக் கடைசித் திறனை விட்டுவிட்டு, ஹோலியில் முப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த முப்பதாம் புள்ளியோடு, ஆற்றும் அளவு 10 சதவீதம் கூடிவிடுகிறது. மீதி 21 புள்ளிகளை டிசிப்ளினில் இட்டால், இருபத்தோராம் புள்ளியில் ‘டிவைன் ஸ்பிரிட்’ கிடைக்கிறது. அது பிறருடைய சக்தி விரைந்து ஊற உதவும் கொடை. மற்றொரு வழி, டிசிப்ளினிலேயே 31 இட்டு ‘பவர் இன்ஃப்யூஷன்’ பெறுவது. அதனால் தோழன் ஒருவனின் மந்திர வலிமையைப் பதினைந்து விநாடிகளுக்கு 20 சதவீதம் உயர்த்தலாம்.

“எது சிறந்தது என்று தனியாகச் சொல்ல முடியாது மாமு. குழுவில் டிவைன் ஸ்பிரிட் ஒருவரிடம் இருந்தால் போதும். மற்றவர் வேறு வழியில் போகலாம். நம்மோடு யார் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன குறைகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.”

எடுத்ததை மாற்றவும் வழியுண்டாம். ஆனால் இலவசமாக அல்ல. முதல் முறை ஒரு பொற்காசு, அடுத்து ஐந்து, பிறகு பத்து என்று ஏறி, ஐம்பது வரை போகும். வாழ்க்கையும் அப்படித்தானே! பதினெட்டு வயதில் படிப்பை மாற்றுவதற்கு ஒரு விலை. இருபத்தைந்தில் மாற்றுவதற்கு வேறு விலை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு நான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லும்போதே அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

ஐந்து விநாடி ஓய்வு

நல்ல ஹீலருக்கு அடையாளம் எது என்று கேட்டேன். நிரம்பிய குடத்தில் நீர் ஊற்றாதவனே நல்ல ஹீலர் என்றான். முழு நலத்தோடு இருப்பவனுக்கு மேலும் செய்யும் சிகிச்சை வீண். சிறு காயத்திற்குச் சிறு மருந்து, பெருங்காயத்திற்குப் பெருமருந்து என்று அளந்து கொடுக்காவிட்டால், ‘மனா’ என்னும் சக்தி பாதியிலேயே தீர்ந்துவிடும். பிறகு நாற்பது பேரும் மாள வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொன்னான். ஹீலர் ஒரு முறை சக்தியைச் செலவிட்டால், அடுத்த ஐந்து விநாடிகளுக்கு அவனுடைய இயல்பான சக்தி ஊறுவது நின்றுவிடும். கை ஓயாமல் சிகிச்சை செய்துகொண்டே இருப்பவனுக்கு ஊற்று அடைபட்டே கிடக்கும். நடுநடுவே நிறுத்தத் தெரிந்தவன்தான் கடைசிவரை நிற்பான்.

வாசக சகோதரிகளே! வீட்டில் நோயாளியை வைத்துப் பராமரிக்கும் எத்தனை பெண்கள் இந்த ஐந்து விநாடி ஓய்வும் இல்லாமல் வற்றிப்போகிறார்கள்? என் தங்கை எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரே ஓர் இரவு வெளியூர் சென்றாள். அந்த இரவில்தான் இது நிகழ்ந்தது.

விளையாட்டில் வந்த கொள்ளைநோய்

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2005 செப்டம்பரில், இந்த விளையாட்டின் ஒரு பகுதியில் எதிரி ஏவும் ‘கரப்டட் பிளட்’ என்ற தொற்று, எதிர்பாராத விதமாக வெளியே பரவிவிட்டது. வளர்ப்புப் பிராணிகள் மூலம் நகரங்களுக்குள் புகுந்து, எளிய நிலையில் இருந்தோரைக் கூட்டம் கூட்டமாக மாய்த்தது. சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். ஹீலர்களில் பலர் தாமாக முன்வந்து உதவினார்கள். இறுதியில் நிறுவனம் தன் கணினிகளை மீண்டும் தொடங்கித்தான் அதை ஒழித்தது.

எரிக் லோஃப்கிரென், நீனா ஃபெஃபர்மேன் ஆகிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2007இல் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கட்டுரை எழுதினார்கள். உண்மையான கொள்ளைநோயின்போது மனிதர் எப்படி நடப்பர் என்பதை இத்தகைய உலகங்களிலிருந்து அறியலாம் என்பது அவர்கள் கருத்து. குணப்படுத்தச் சென்றவர்களே, நோயாளிகளின் உயிரை நீட்டித்ததால் தொற்றும் நீள வழி செய்திருக்கலாம் என்பதையும் கவனித்தார்கள். கொரோனாவைக் கண்ட நமக்கு இது வியப்பாக இராது. நல்லெண்ணம் மட்டும் போதாது. முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் யாரை?

எல்லாம் கேட்டபின் என் கேள்வியை வைத்தேன். “ஒரே நேரத்தில் பலருக்கு அடிபட்டால் முதலில் யாரைப் பார்ப்பாய்?”

“டேங்க்கை. அவர் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள். அடுத்து மற்ற ஹீலர்களை. பிறகு மற்றவர்களை.”

“இந்த வீட்டில் அடியெல்லாம் தாங்குகிறவர் யார்?”

அவன் பேசவில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. சிறிது நேரத்தில் எழுந்து நன்னிமாவின் அறைக்குள் போனான். நானும் பின்னால் போகவில்லை.

அடுத்த நாள்தான் உண்மையான சிக்கல் எனக்குப் புரிந்தது. அவன் குழுவினர் ஐரோப்பியர். அங்கே மாலை வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு அவர்கள் கூடும்போது, இங்கே குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. ஆட்டம் முடியும்போது நமக்கு ஃபஜ்ர் நெருங்கிவிடும். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு உறக்கம் ஏது? இயந்திரத்தின் முன் கண் அயர்ந்தால் கையல்லவா போகும்!

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதையும் சேர்த்திருக்கிறது. 2019இல் ஏற்கப்பட்ட அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரம் என்பது அங்கே அளவுகோல் அல்ல. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல் ஆகியவையே அடையாளங்கள். பொதுவாக ஓராண்டளவு இந்நிலை நீடித்தால்தான் அது நோய் எனப்படும். ஆகவே விளையாடும் பிள்ளைகளையெல்லாம் நோயாளி என்று தூற்றவும் வேண்டாம். தீங்கு கண்ணெதிரே நிகழும்போது வாளாவிருக்கவும் வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் வேறு வகை. அவற்றைத் தடுக்க மத்திய அரசு 2025இல் சட்டமே கொண்டுவந்துவிட்டது. இதுவோ மாதக் கட்டணம் செலுத்தி ஆடுவது. மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் ஆலிம்களைக் கேட்டறிக. நான் ஆசிரியன் மட்டுமே.

பெற்றோருக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவே. கண்டிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யாரோடு, எந்த நேரத்தில், எவ்வளவு செலவில் ஆடுகிறான் என்று கேளுங்கள். ஷிப்டு அட்டவணையையும் ஆட்ட நேரத்தையும் ஒரே தாளில் எழுதி, உறக்கத்திற்கு இடம் இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் அவனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். உண்மையான பொறுப்பைக் கொடுங்கள்.

இப்போது அவன் வாரத்தில் ஓர் இரவு மட்டும், மறுநாள் விடுமுறையாக இருந்தால், குழுவோடு சேர்கிறான். ஒருமுறை மீறினான், கேட்டபோது ஒப்புக்கொண்டான். நன்னிமாவின் ஊசி, உணவு, சர்க்கரை அளவு மூன்றையும் ஒரு நோட்டில் அவனே எழுதி வருகிறான். அளவு குறைந்தால் கொடுக்கச் சர்க்கரை டப்பா தலைமாட்டிலேயே இருக்கிறது.

சென்ற மாதம் என்னிடம் தயங்கித் தயங்கி, செவிலியர் படிப்பில் சேர விரும்புவதாகச் சொன்னான். “விளையாட்டில் செத்தவன் எழுந்து வந்துவிடுவான், இது அப்படியில்லை” என்றேன். “அன்று காலை அது தெரிந்துவிட்டது, மாமு” என்றான்.

ஆண்பிள்ளைக்கு நர்ஸ் வேலையா என்று மச்சான் தொலைபேசியில் சினந்தார். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்ட வரலாற்றை அவருக்கு நினைவூட்டினேன். நோயாளியைப் பேணுவது இந்தச் சமுதாயத்தில் என்றுமே இழிவாக இருந்ததில்லை என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

அம்மாவிடமும் கேட்டேன். “எனக்கு ஊசி போடும்போது அவன் கை நடுங்குவதில்லை” என்றார்கள். மச்சானுக்கு அடுத்த முறை பேசும்போது அதையும் சொல்ல வேண்டும்.